மஞ்சள் ஹெரால்டும் பெட்ரோல் மூடிச் சாவியும்

இயேசு, மரி, சூசை துணை

திண்டுக்கல்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், அப்பா, எனக்கு வைத்த புது முட்டி, மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்டான்லியும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கையில் போன் இருக்க, இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல முடியாது தாயி. நான் பாதி சொல்வதற்குள் நீ மூக்கை உறிஞ்சுவாய், நான் கத்துவேன், அப்பா நடுவில் புகுந்து ஹலோ ஹலோ கேக்குதா என்பார், கடைசியில் என்ன சமைத்தாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். உன் பள்ளித் தோழி தமிழ்மதி லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன். ஊறுகாய் பாட்டிலை அவள் எதிரிலேயே திறந்து பார், வழியில் ஒழுகியிருந்தால் அவள் சட்டைத் துணிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹெரால்ட் காரை விற்றுவிட்டேன். அழுவதானால் இப்போதே அழுது முடித்துவிட்டு மேலே படி, ஏனென்றால் இது அழுகைக் கதை இல்லை. அப்பாவிடம் நீ போனில் துருவித் துருவிக் கேட்டாயாம், அம்மா ஏன் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றுகிறாள் என்று. அவர் பாவம், என் மிரட்டலுக்குப் பயந்து ஷெட்டில் இருக்கு ஷெட்டில் இருக்கு என்று உளறியிருக்கிறார். ஷெட்டில் இப்போது அப்பாவின் ஸ்கூட்டரும் ஒரு மூட்டை தேங்காயும்தான் இருக்கின்றன.

ஏன் விற்றேன் என்றால், முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகும் நம் வண்டியின் கிளட்சை என்னால் மிதிக்க முடியவில்லை என்பது உனக்குத் தெரியாது. அப்பா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து ஷெட்டில் போய் உட்கார்ந்து, இஞ்சினைப் போடாமலே மிதித்துப் பார்த்தேன். பாதி தூரம் போவதற்குள் முட்டிக்குப் பின்னால் சுரீர் என்றது. மலை ஏறுவதற்காக அந்த இஞ்சினுக்கு நாம் போட்ட கிளட்ச் அப்படி, என் முட்டி நன்றாக இருந்த காலத்திலேயே உன் அப்பா ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு இது கிளட்சா கல்லுரலா என்று கேட்டவர். வீட்டுக்கு வந்து எனக்குக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிப் பெண் ஒருத்தி, பவித்ரா என்று பேர். சின்னாளப்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், மல்லிகை போட்டிருக்கிற ராமர் என்பவருடைய மகள். குள்ளமாக, துறுதுறுவென்று இருப்பாள், கை மட்டும் இரும்பு. காலால் அவள் உள்ளங்கையைத் தள்ளச் சொல்வாள், நான் தள்ளும்போதெல்லாம் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று கியரைச் சொல்லிக்கொண்டே தள்ளுவேன், அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. அவளிடம்தான் நேராகக் கேட்டேன். அவள், டீச்சர், வேற எந்த வண்டின்னாலும் ஓட்டுங்க, இந்தக் கிளட்ச் மட்டும் வேணாம், அம்புட்டுக் கஷ்டப்பட்டு வச்ச முட்டி என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் வைத்து இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளைப் பார்த்து, நீ ஓட்டாதே என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்.

அந்த வண்டி நம் கைக்கு வந்த விதம் உனக்குத் தெரியாததில்லை, ஆனால் எழுத எழுத மனசு நன்றியில் நிறைகிறது, அதனால் எழுதுகிறேன். நத்தத்தில் மாந்தோப்புக்கு நடுவில் அது கோழி அடைகிற இடமாகக் கிடந்தது. நீ ஆறாவது படித்தாய். நாம் பார்க்கப் போனபோது பின்சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி உன் கையைக் கொத்தியது. தோப்புக்காரர் கோழியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும், இந்த இரும்புக்கு மாலை போட்டுக் கூட்டிட்டு வாரியாக்கும் என்றார். ஆனால் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்த டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்ததும் அவர்தான். மெக்கானிக் கிளெமென்ட் அண்ணன்தான் அதற்கு உயிர் கொடுத்தார். ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது, கழற்றி எடுத்துவிடலாம், திறந்த வண்டியாக்கிவிடலாம் என்று சொன்னது அவர். கூரை போனால் உடம்பு தளரும் என்று கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் பெட்டிபோல் தகடு வைத்து வெல்டிங் செய்தார். ஜிப்சி ஜீப்பின் இஞ்சினை இறக்கி, அதற்கு ஏற்ற கியர்பாக்ஸ் வைத்து, ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றி வாங்கினோம். முகமது ரஃபீக் பாய் பேகம்பூரிலிருந்து வந்து அளவெடுத்து, பழைய பின்சீட்டை எடுத்துவிட்டு இரண்டே இரண்டு சீட் தைத்துக் கொடுத்தார், மழைக்குத் தார்ப்பாய்க் கூரையும் அவர் கைதான். பெயிண்ட் என்ன கலர் என்று கேட்டபோது எல்லோரும் வெள்ளை, க்ரீம் என்று சொல்லிக்கொண்டிருக்க, நீ தெருவில் ஓடிப்போய் ஒரு பூவரசம்பூவைப் பறித்து வந்து கிளெமென்ட் அண்ணன் கையில் வைத்தாய். இப்போதும் அந்த மஞ்சள்தான்.

அந்தப் பெட்ரோல் மூடியையும் சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். கோயில் திருவிழா அன்று எவனோ டேங்கில் குழாய் விட்டுப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போனானே, ஞாபகம் இருக்கிறதா. அந்த வாரமே கிளெமென்ட் அண்ணன் பித்தளையில் ஒரு மூடி செய்து, அதற்குள்ளேயே ஒரு பூட்டும் வைத்துக் கொண்டுவந்து மாட்டினார். அவர் வீட்டில் பூட்டுப் பட்டறை இருந்தது, அந்தக் கை அவருக்கும் இருந்தது. இரண்டு சாவி கொடுத்தார், ஒன்றை உன் அப்பா கிணற்றில் போட்டார், தெரியாமல் விழுந்தது என்று இன்றுவரை சாதிக்கிறார். மற்றொன்றுக்கு மறுசாவி போட ஊரெல்லாம் அலைந்தோம், முடியவில்லை. அண்ணனிடமே இன்னொன்று கேட்கலாம் கேட்கலாம் என்றிருந்தோம், அதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் திருநாளுக்கு இந்த வருஷமும் அவருக்கு மெழுகுவர்த்தி வைத்தேன், உன் பேரைச் சொல்லி ஒன்று.

சரி, விற்பது என்று முடிவானதும் அப்பா யார் யாரிடமோ சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருப்பவர், நல்ல மனுஷர், வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், சீட்டைத் தட்டிப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். ஏனுங்கம்மா, இத்தனை நல்ல வண்டியை இப்படிக் கெடுத்துப்போட்டீங்களேங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய், இஞ்சின், சீட்டு, தகடு, மூடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவாராம். கலரும் மாறுமாம். அப்பாவுக்குச் சந்தோஷம், வண்டி நல்ல இடத்தில், கூரைக்கடியில் பத்திரமாக இருக்குமே என்று. எனக்கு மட்டும் ஒப்பவில்லை. கழற்றிப் போட்டதையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பழைய இரும்புக்குத்தானுங்க போகும் என்றார், பாவம், கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். அடுத்த வாரம் லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, காபி மட்டும் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க என் மனசில் ஒரே கேள்விதான். என் வண்டி போவது போகட்டும், கிளெமென்ட் அண்ணன் கையும் பாய் கையும் நீ பறித்த பூவும் சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகலாமா?

இந்த நிலையில்தான் பவித்ரா வந்து, டீச்சர், வண்டியை எனக்குக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன் என்றாள். அப்பா முகம் மாறிவிட்டது. அவள் காது கேட்கவே, ஓட்டக் கூடாதுன்னு சொன்னதும் இந்தப் பிள்ளைதான், வாங்குறேன்னு வாரதும் இந்தப் பிள்ளைதானா என்றார். அவர் சொன்னதோடு விட்டிருக்கலாம். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்து, ஓகோ, அதுக்குத்தான் என் காலை முடக்கி உக்கார வச்சியாக்கும் என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை என் காலுக்கு அடியில் இருந்த தலையணையை எடுத்து ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு வீடே ஒரு மாதிரியாகிவிட்டது. ஒருவேளை நிஜமாகவே திட்டம் போட்டுத்தான் சொன்னாளோ என்று ஒரு பக்கம், சீச்சீ அப்படி இருக்காது என்று ஒரு பக்கம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் மேலும் ஒரு எரிச்சலைக் கொட்டினேன்.

சனிக்கிழமை காலையில் அவள் தன் அப்பா ராமரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வரும்போதே ஒரு பந்து மல்லிகை. ராமர் சேரில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார். அம்மா, நாங்க மாடு வாங்கப் போனா, விக்கிறவங்களையே ஏர்ல கட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுவோம், மாட்டுக்கும் ஆளுக்கும் இன்னும் ஒத்துப்போகுதுன்னு தெரிஞ்சா, பேசாம வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வந்திருவோம், அதுமாதிரி நீங்களே ஓட்டுங்க, எம்மக சொன்னது தப்பா இருந்து, உங்க கால் தாங்கிருச்சுன்னா வண்டி உங்க வண்டிதான், நாங்க பஸ் ஏறிப் போயிர்றோம் என்றார். பவித்ரா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள்தான் இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்பா, வேணாம் செபா, கால் போயிரும் என்றார். நான் சாவியை எடுத்துக்கொண்டு, ஏறு பிள்ளை, சிறுமலைக்குப் போவோம் என்றேன்.

அறிவு, நத்தம் ரோட்டில் போகும்வரை நான் ராணிதான். காற்று மூஞ்சியில் அடிக்கிறது, கியர் மாற்ற வேண்டிய வேலை அதிகமில்லை, கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பார்த்தாயா என்று அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை ரோட்டில் திரும்பி முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டேன். மூன்றாவதில் கால் நடுங்க ஆரம்பித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாவது வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. அது திரும்ப இடம் வேண்டுமே, ஓரம் கட்டி மேட்டில் நிறுத்தினேன். பஸ் திரும்பியதும் கிளம்ப வேண்டும். அரைக் கிளட்ச். என் கையால் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த அரைக் கிளட்ச்! முட்டி விட்டுவிட்டது தாயி. கால் தானாக நழுவ, இஞ்சின் அணைந்து வண்டி பின்னால் உருண்டது. ஒரு முழம் இருக்குமோ, இரண்டு முழம் இருக்குமோ. அதற்குள் பவித்ரா ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று முகத்தில்கூடக் காட்டவில்லை.

பஸ் டிரைவர் யார் என்று நினைக்கிறாய், நம் பொம்மையன். லாரி லைசென்ஸ் எடுக்கப் போகும் முன் நம்மிடம் கார் பழகினானே, அவன். தலையை வெளியே நீட்டி, டீச்சர், மேட்டுல ஹேண்ட்பிரேக் போட்டுக் கிளம்பணும்னு எங்க மண்டையில குட்டுனது யாரு என்று கேட்டுச் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன். ஒரு பஸ் ஜனமும் பார்க்கிறது. பவித்ராவிடம், நீ சொன்னது நெசம்தான் பிள்ளை, இந்தப் பக்கம் வந்து உக்காரு என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பிடித்தபடியே சுற்றிவந்து இடப்பக்கம் ஏறினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, மறைக்கவில்லை. பொம்மையனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் கிளம்பும்வரை பஸ்ஸை எடுக்காமல் நின்றான். அங்கே பனியில் உன் கார் சறுக்கியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த வளைவில்தான் தெரிந்தது. போன மாசம் நீ இனிமேல் ஸ்டியரிங்கையே தொட மாட்டேன், ஸ்டான்லியே ஓட்டட்டும் என்று சொன்னபோது, டிரைவிங் டீச்சர் பெத்த பிள்ளை பேசுற பேச்சா இது என்று நான் கத்தினேனே, இனி அப்படிக் கத்த மாட்டேன்.

பவித்ராவுக்குக் கால் எட்டவில்லை. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டினாள். அவள் அப்பாவின் பூ ஏற்றுகிற குட்டி யானை வண்டியில் பழகியவளாம், விடிவதற்குள் மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு, அப்புறம் காலேஜுக்குப் போவாளாம். வளைவுக்குள் போவதற்கு முன்பே செகண்டுக்கு இறக்கிவிடுகிறாள், ஹாரன் அடிக்கிறாள், எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மூக்கை நுழைக்கிறாள். குறை சொல்ல வேண்டும் என்றே பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நானும் இடப்பக்கம் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவள்தான், ஆனால் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் என் காலடியில் இன்னொரு கிளட்சும் பிரேக்கும் இருக்கும். காலடியில் பிரேக் இல்லாமல் நான் இடப்பக்கம் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. முதல் இரண்டு வளைவில் என் கால் சும்மா தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மலை, அறிவு! இம்புட்டு வருஷம் அந்த ரோட்டில் ஏறியிருக்கிறேன், நான் பார்த்ததெல்லாம் தார் ரோடும் வளைவு நம்பர் போர்டும்தான். மரத்தில் என்ன பூ பூத்திருக்கிறது, குதிரையில் பழ மூட்டை ஏற்றிக்கொண்டு யார் போகிறார்கள், கீழே நம் மலைக்கோட்டை உருண்டை வெல்லம்போல் எம்புட்டுச் சின்னதாகத் தெரிகிறது, எல்லாவற்றையும் அன்றுதான் பார்த்தேன். குழந்தை மாதிரி அதைப் பார், இதைப் பார் என்று அவளிடம் காட்டிக்கொண்டே வந்தேன். டீச்சர், என்னை ரோட்டைப் பாக்க விடுங்க என்று அவள்தான் அதட்ட வேண்டியதாயிற்று.

மேலே போய் டீ குடித்தோம், மலைவாழைப்பழம் வாங்கினோம். நான் கேட்டேன், வண்டியில் என்னென்ன மாற்றுவாய் என்று. அவள் யோசித்தாள். ஒண்ணே ஒண்ணு மாத்தணும் டீச்சர், சீட்டை முன்னாடி தள்ளணும், எனக்குக் கால் எட்டல என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் டீ புரை ஏறியது. அவள் தலையில் கையை வைத்து, எடுத்துக்கோ தாயி, வண்டி உனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் வைத்துப் பேசியதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பழத்தில் பெரிய சீப்பை அவளிடம் கொடுத்தேன், அவளும் புரிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். இறங்கும்போதும் அவள்தான் ஓட்டினாள்.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். பரவாயில்லீங்கம்மா, ஓடற வண்டி ஓடட்டுமுங்க என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, கழட்டுன அந்தக் கூரை என்னாச்சுங்க என்று கேட்டார். நம் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூட்டுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தோமே, அது. அவரிடம் கூரை இல்லாத இன்னொரு ஹெரால்ட் நிற்கிறதாம், ஆளனுப்பி எடுத்துக்கொண்டு போனார். இப்போது நம் கோழிகளுக்குத்தான் வீடில்லை, அப்பா தகர ஷீட் வாங்கி வந்து இரண்டு நாளாகச் சுத்தியலும் கையுமாக இருக்கிறார்.

வண்டியை ஒப்படைக்கிற நாளுக்கு ராமர் வளர்பிறை பார்த்தார், அப்பா புதன்கிழமைப் பூசை பார்த்தார், எப்படியோ இரண்டும் ஒத்துவந்தது. நான் தீர்த்தம் தெளித்தேன், ராமர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சாவிக்கொத்தை நீட்டினேன். ராமர் இரண்டடி பின்னால் போய்விட்டார். அம்மா, மாட்டைக் குடுத்தாலும் கயித்தைக் குடுக்கக் கூடாதும்மா, கயிறு உங்க வீட்டுலதான் இருக்கணும், கொட்டில் வெறிச்சுன்னு போயிரக் கூடாது என்றார். எங்கள் வீட்டிலும் மாடு விற்றால் இதுதான் வழக்கம், வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். எனக்கு ஞாபகம் வராமல் போனதுதான் ஆச்சரியம். அதற்காகவே முந்தின நாள் சாவியை ஒருமுறை வாங்கிப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டார்ட் பண்ணுகிற சாவிக்கு மறுசாவி போட்டு, புது வளையத்தில் மாட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பழைய கொத்து அப்படியே என் கையில். மல்லிகைப்பூச் சுற்றி, நம் வாசலைவிட்டு மஞ்சளாக அது திரும்பிப் போனபோது அப்பா உள்ளே போய்விட்டார். நான் நின்று முழுசாகப் பார்த்தேன்.

அரைமணி நேரம் கழித்துப் போன் வருகிறது. மதுரை ரோட்டில் பெட்ரோல் பங்கில் நிற்கிறார்கள். உன் அப்பா, போகிற வண்டிக்கு எதற்கு என்று சொட்டுப் பெட்ரோல்தான் விட்டு வைத்திருக்கிறார். மூடி திறக்கவில்லை. திறக்கிற சாவி பழைய கொத்தில், நம் வீட்டு ஆணியில்! கயிறு கயிறு என்று பேசிய எங்களில் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லை பார். அப்பா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினேன். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன. அப்பா, அந்தச் சாவியைக் கழட்டிக் குடுத்துத் தொலை செபா என்கிறார். ராமர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயித்தை நான் தொட மாட்டேன்யா என்கிறார். கடைசியில் நானே மூடியைத் திறந்து, பெட்ரோல் போடும்வரை நின்று, நானே பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. டேங்க் காலியானால் பவித்ரா ஆஸ்பத்திரி முடிந்து நம் வாசலில் வந்து ஹாரன் அடிப்பாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் ஏறிக்கொள்வேன். பங்குக்குப் போய்த் திறந்து, போட்டு, பூட்டி, அப்படியே ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு என்னை இறக்கிவிட்டுப் போவாள். போன வாரம் சீட்டை முன்னால் தள்ளியாகிவிட்டது, ரஃபீக் பாயே வந்து செய்து கொடுத்தார். பெட்ரோல் மூடி என்பது ஸ்பேர் கடையில் வாசலிலேயே தொங்குகிற சாமான், பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். அவள் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று நானும் கேட்கவில்லை. கர்த்தர் எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறார், ஒரு கோழிக்கூண்டைக் கொடுத்து அதில் என்னை இத்தனை வருஷம் பறக்க விட்டார், இப்போது காலடியில் பிரேக் இல்லாமல் மலை பார்க்கவும் வைத்துவிட்டார். குறை என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

உனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்றாய். சாவிக்கொத்து மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. பவித்ராவிடம் பேசிவிட்டேன், நீ வந்தால் வண்டி ஒருநாள் நம் ஷெட்டில் நிற்கும். பயமாக இருந்தால் நம் தெருமுனை வரை ஓட்டு, போதும். அதுவும் முடியவில்லை என்றால் சும்மா உட்கார்ந்து ஹாரனை அடித்துவிட்டு இறங்கு, கோழிகளாவது பயப்படட்டும். நான் உன் பக்கத்தில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். கால் தரையை மிதிக்காது, சத்தியம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. மாதாவும் சூசையப்பரும் உங்கள் இருவரையும் பனியிலும் வெயிலிலும் கைப்பிடித்து நடத்தட்டும். வரும்போது மறக்காமல் உன் நம்மூர் லைசென்சை எடுத்து வா, தேதி முடிந்திருந்தால் இப்போதே சொல், இங்கே புதுப்பிக்கிற வேலையை அப்பாவிடம் விடுகிறேன், கோழிக்கூடு முடிந்ததும் அவருக்கு வேறு வேலை வேண்டும்.

உன்னைப் பெற்றவளும், உனக்கு முதல் கியர் போடச் சொல்லிக்கொடுத்தவளும்,
சே. செபாஸ்தியம்மாள்